இரண்டு நிழலுக்கு நடுவே ஒரு கல்யாணம்

ஜனவரி 4, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று பிற்பகல் எங்கள் மொட்டை மாடியில், மண் நிரப்பிய பெயின்ட் வாளியில் ஒட்டடைக் கம்பை நட்டுவைத்து, பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அதன் நிழலைத் தையல் டேப்பால் அளந்துகொண்டிருந்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. எடையை எழுத மாட்டேன். முட்டிபோட்டால் எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த ஆளாக வந்து வாய்த்தவள் பக்கத்து வீட்டு ஜெய்னம்பு. காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்தவள், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"என்ன ஜுலைஹா லாத்தா, ஒட்டடைக் கம்புக்குச் சட்டை தைக்கப் போறியளா?"

கல்யாண வேலை என்றேன். உண்மைதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை.

என் மகள் ஃபஸீலாவுக்கு இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி நிக்காஹ். மாப்பிள்ளை இம்தியாஸ், தேனிப் பக்கம் கம்பம் ஊர்க்காரர். இருவருக்கும் கோயம்புத்தூரில் ஒரே கட்டடத்தில் வேலை. மாப்பிள்ளை பார்த்தது நாங்கள்தான். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொன்னது அவள். போகட்டும். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம். ஒரே ஒரு சிக்கல். நாங்கள் கடற்கரைக்காரர்கள், ஷாஃபிஈ மத்ஹபு. அவர்கள் மலையடிவாரத்து ராவுத்தர்கள், ஹனஃபி. மார்க்கம் ஒன்றுதான், சட்ட வழி இரண்டு.

இதில் என்ன சிக்கல் என்று கேட்டால், பிற்பகல் தொழுகையான அஸர்தான். சுபுஹுக்குக் கிழக்கு வெளுக்க வேண்டும், லுஹருக்கு உச்சி சாய வேண்டும், மஃரிபுக்குச் சூரியன் முழுக வேண்டும். இதிலெல்லாம் அவர்களுக்கும் எங்களுக்கும் வழக்கில்லை. அஸர் மட்டும் நிழல் கணக்கு. உச்சி நேரத்தில் ஒரு கம்புக்கடியில் மிச்சமிருக்கும் குட்டி நிழலைக் கழித்துவிட வேண்டும். அதற்கு மேல் கம்பின் உயரத்துக்கு நிழல் நீண்டால் எங்களுக்கு அஸர் வந்துவிட்டது. அவர்களுக்கு வரவில்லை. கம்பைப் போல இரண்டு பங்கு நீள வேண்டுமாம். இந்த மாதத்தில் இரண்டுக்கும் நடுவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடுகிறது.

இப்போதெல்லாம் யார் நிழலைப் பார்க்கிறார்கள்? பள்ளிவாசல் சுவரில் வருஷத்துக்கான அட்டவணை தொங்குகிறது. அதைப் பார்த்து மோதினார் பாங்கு சொல்கிறார். எல்லோரும் தொழுகிறோம். ஆனால் பத்திரிகையில் நாங்கள் அச்சடித்திருப்பது "அஸர் தொழுகைக்குப் பின்". எங்கள் ஊரில் எல்லா நிக்காஹுக்கும் அப்படித்தான் அடிப்போம். யாருடைய அஸர் என்று கேட்க இதுவரை ஆள் இருந்ததில்லை. நேற்று மாப்பிள்ளையின் அத்தா நத்தர்ஷா ராவுத்தர் போனில் கேட்டார்.

ஆகவே கம்பு நட்டேன். தையல் டேப் முடிந்துபோனது, நிழல் முடியவில்லை.

ஜனவரி 5, திங்கள்

கம்பை வைத்து மகளுக்குக் கண்ணேறு கழிக்கிறேனாம். தெருவில் மூன்று பேர் விசாரித்துவிட்டார்கள். ஜெய்னம்புவுக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி தேவையில்லை.

ஜனவரி 7, புதன்

சம்பந்தியோடு இன்று நானே பேசினேன். பேச வேண்டியவர் என் வீட்டுக்காரர். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல் பொருந்தாது. இங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். இந்த வீடு என் உம்மாவுடையது, பிறகு என்னுடையது, பிறகு ஃபஸீலாவுடையது. அவர் முப்பது வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியோடு வந்தவர். எனவே இங்கே மொகுதூம் என்று பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். வாயால் சொன்னதில்லை. மொகுதூமுக்குப் பஜாரில் ஃபேன்சி கடை. வளையல் வாங்க வரும் பெண்களிடம் பேரம் பேச முடியாமல் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர். அவரை நத்தர்ஷா ராவுத்தரிடம் பேசவிட்டால் நிக்காஹைக் கம்பத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்.

ராவுத்தர் மிகவும் மரியாதையானவர். ஜித்தாவில் ரொம்ப வருஷம் இருந்தவர், எந்தப் பேச்சையும் "ஜித்தாவுல நாங்க இருந்தப்ப" என்றுதான் ஆரம்பிப்பார். முதலில் ஜித்தாவின் பேரீச்சம்பழம், பிறகு ஜித்தாவின் ரோடு, அதற்குப் பிறகு விஷயம். எங்கள் ஊரில் அஸர் ஜமாஅத்துத் தொழுகை முடிந்த கையோடு, பெரியவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே நிக்காஹ் நடந்துவிடும் என்று எடுத்துச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் முக்கால் மணி கழித்து வந்தால் ஊரே பள்ளிவாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடக்கும், எங்களுக்குத் தலைக்குனிவு என்றேன்.

"அதெல்லாம் வெரசா வந்துருவம் சம்பந்தியம்மா. நெழலு மட்டும் ரெண்டு பங்கு விழுந்துரட்டும்."

உங்கள் ஊரில் நிழல் எங்கே விழுகிறது, மஃரிபுக்கு வெகு முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடுகிறதே என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, சம்பந்தமில்லாமல், மேல்மாடியில் புது ரூம் கட்டியிருக்கிறோமாமே, உண்மையா என்றார். பெருமையாக இருந்தது. ஆமாம், டைல்ஸ் போட்டாகிவிட்டது, குளியலறை உள்ளேயே இருக்கிறது, ஏஸி மட்டும்தான் பாக்கி, எல்லாம் மாப்பிள்ளைக்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மலைப்பக்கம் சிக்னல் அப்படித்தான்.

அப்புறம் சொன்னார்: "தொழுகை விசயத்துல மட்டும் எங்கள நெருக்காதீங்க. அத விட்டுக்குடுக்க முடியாது."

என்னாலும் முடியாது என்றேன். போனை வைத்த பிறகு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. மத்ஹபுக்காக நிற்கிறோம் என்ற தெம்பு.

ஜனவரி 9, வெள்ளி

ஜும்மா முடிந்து மொகுதூம் எங்கள் பள்ளிவாசல் ஆலிம்சாவை வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். இறால் வாடா மூன்று சாப்பிடும் வரை ஆலிம்சா வாயைத் திறக்கவில்லை. திறந்ததும் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்.

நிக்காஹுக்கும் அஸருக்கும் மார்க்கத்தில் ஒரு முடிச்சும் இல்லையாம், எந்த நேரமும் வைக்கலாமாம். மாப்பிள்ளை வீட்டார் நிக்காஹில் உட்கார்ந்துவிட்டு அவர்கள் நேரத்தில் போய் அவர்கள் அஸரைத் தொழுதுகொள்ளலாம், மஃரிபு வரைக்கும் நேரம் கிடக்கிறது. இல்லை, எங்களோடு சேர்ந்தே தொழுதாலும் குற்றமில்லை. ஒரு நிழல் போதும் என்று சொன்ன பெரியவர்கள் அவர்கள் மத்ஹபிலேயே உண்டாம். அதுவும் பிடிக்கவில்லையா, நாம் ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

"இதுல பிரச்சினை எங்கே ஈக்கிதுண்டே எனக்கு வெளங்கலே" என்று சொல்லி நாலாவது வாடாவை எடுத்தார்.

மொகுதூமின் முகம் பல்பு போட்ட மாதிரி ஆயிற்று. இதை அப்படியே கம்பத்துக்குச் சொல்லிவிடு புள்ளே என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போனார். நான் போனை எடுத்தேன். சார்ஜ் குறைவாக இருந்தது. வைத்துவிட்டேன்.

ஜனவரி 10, சனி

ஏஸிக்காரன் வந்து ரூமைப் பார்த்துவிட்டுப் போனான். ஒன்றரை டன் போதுமாம். ரூமுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று ஃபஸீலாவிடம் போனில் கேட்டேன். எதுவானாலும் சரி என்றாள். சின்ன வயதில் பென்சில் பெட்டி வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குவாள்.

ஜனவரி 12, திங்கள்

மாப்பிள்ளையின் அம்மா ரமீஜா கூப்பிட்டார். ஏலக்காய் அனுப்பியிருக்கிறாராம். அவர் குரல் அவர் அனுப்பும் ஏலக்காய் மாதிரியே இருக்கும், மெல்லிசாக. ஆலிம்சாவிடம் கேட்டீர்களா என்றார். கேட்டோம், யோசித்துச் சொல்கிறேன் என்றார் என்றேன்.

பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தேன். சரி, எழுதிவிடுகிறேன்: அது பொய். ஆலிம்சா யோசிக்கவில்லை, தின்றார்.

ரமீஜா தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் வீம்பாக இருக்கிறாராம். இவ்வளவு சடவு எதற்கு, நோன்பு முடியட்டும், பெருநாளுக்குப் பிறகு ஆறப்போட்டுச் செய்யலாமே என்கிறாராம். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. மரியாதைக்கு இரண்டு மூச்சு விட்டேன், பிறகு, "நல்ல யோசனைதான்" என்றேன்.

மொகுதூமிடம் சொன்னபோது அவர் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். மறுபடி போட்டுக்கொண்டு கடைக்கே திரும்பிப் போய்விட்டார்.

எனக்கென்ன? ரூமுக்கு இளம்பச்சை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் விடுமுறைக்கு ஃபஸீலா வந்திருக்கிறாள். வந்ததும் பையை வைத்துவிட்டு நேரே மாடிக்குப் போனாள். புது ரூமைப் பார்க்கத்தான் போகிறாள் என்று பின்னாலேயே மூச்சு வாங்க ஏறினேன். ரூமைத் தாண்டிப் போய் ஒட்டடைக் கம்பின் முன்னால் நின்றாள். ஜெய்னம்பு கோயம்புத்தூர் வரை செய்தி அனுப்பியிருக்கிறாள்.

"இதானா அந்தக் கம்பு?"

இதுதான் என்றேன். மத்ஹபு விஷயம், விட்டுக்கொடுக்க முடியாது, நாளைக்கு நம்மை யாரும் குறை சொல்லக்கூடாது என்று நாலு வார்த்தை பேசினேன். அவள் குனிந்து வாளி மண்ணை விரலால் அழுத்திச் சரிசெய்தாள்.

"உம்மா, நீங்க பகலைக்குச் சாப்புட்டுட்டுப் படுத்தா எப்ப எந்திரிப்பிய?"

கம்பின் குஞ்சத்தைத் தட்டிவிட்டேன்.

"நம்ம பள்ளியில பாங்கு சொல்றப்ப நீங்க கொறட்டை. எந்திரிச்சு, மூஞ்சி கழுவி, தேயிலை குடிச்சிட்டுத்தான் தொழுவிய. அப்ப நிழல் ரெண்டு பங்கு இல்லே, மூணு பங்கு ஈக்கும். நீங்க எந்த மத்ஹபு? தூங்கி எந்திரிச்ச மத்ஹபா?"

பெற்ற வயிற்றுக்கு இது தேவைதான். வரிசையாக இருபத்தைந்து வருஷம் இவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பேச்சை மாற்றுவதற்காக ரூமைக் காட்டினேன். கதவைத் திறந்து, ஏஸி வரப்போகும் இடத்தைக் காட்டினேன். அவள் வாசலிலேயே நின்றாள். இவ்வளவு செலவு எதற்கு, நாங்கள் வருஷத்தில் பத்து நாள் வந்தால் அதிகம் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஊளி மீன் வாங்கியிருக்கிறேன், ஆறிவிடும், இறங்கு என்றேன்.

சாயங்காலம் நடந்ததையும் எழுதிவைக்கிறேன். எங்கள் பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொல்லி, தொழுகையும் முடிந்து வெகுநேரம். நான் தேயிலைக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களை மேடையில் கிடந்த ஃபஸீலாவின் செல்போன் திடீரென்று பாங்கு சொல்லத் தொடங்கியது. செல்போன் கெட்டுவிட்டது, கடையில் கொடு என்றேன். அவள் வந்து எடுத்து அமர்த்தினாள். அதில் ஷாஃபிஈ, ஹனஃபி என்று எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாமாம். கெடவில்லையாம்.

இஞ்சியைத் தட்டித் தட்டிக் கூழாக்கிவிட்டேன். தேயிலை காரமாக இருந்ததென்று யாரும் சொல்லவில்லை. மூன்று பேரும் குடித்தோம்.

ஜனவரி 16, வெள்ளி

ஃபஸீலா சரியாகச் சாப்பிடவில்லை. தலைவலி என்கிறாள். தள்ளிப்போடுவது பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஜனவரி 17, சனி

மொகுதூம் பேசினார். முப்பது வருஷத்தில் அவர் பேசியதைத் தொகுத்தால் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இன்று பேசியது தனி.

கடையிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நான் தேயிலை கொண்டுபோய் வைத்தேன். வழக்கம்போல, இன்றைக்கும் தாமதம்தானா என்று குத்தினேன். கல்யாணமான புதிதிலிருந்தே இது எங்கள் சண்டை. அஸர் தொழுதுவிட்டு எல்லாப் பெண்களின் புருஷன்மாரும் வீடு திரும்பிவிடுவார்கள், இவர் மட்டும் அரைமணி கழித்து வருவார். அஸருக்குக் குனிந்து நிமிர்வது நாலு ரக்அத்தா நாற்பதா என்று கேட்பேன். பதில் வராது. சில வருஷங்களுக்கு முன் அந்தத் தாமதம் தானாக நின்றுபோனது. ஆனால் என் வாய் நிற்கவில்லை.

"புள்ளே, நீ கேப்பியே, நாலா நாப்பதாண்டு" என்று ஆரம்பித்தார். "பள்ளியிலேந்து நேரா எங்க உம்மாட்டப் போவேன். பின்தெருதானே. அவ வாசலுக்கு வரமாட்டா, ஜன்னல்ல நிப்பா. எனக்கு ஒரு தேயிலை போட்டு வச்சிருப்பா. அதக் குடிச்சிட்டுத்தான் இங்கே வருவேன். நீ போட்டுத் தந்தது எப்பவும் ரெண்டாவது."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இந்த விஷயமே எனக்குத் தெரியாது என்று எழுதலாம். முழுக்கத் தெரியாது என்றால் அது பொய். அவர் வாயில் சில நாள் ஏலக்காய் மணக்கும், நான் ஏலக்காய் போடுவதில்லை. கேட்டதில்லை, அவ்வளவுதான். மாமிக்கு அவர் ஒரே பிள்ளை. மாமி மவுத்தான வருஷம்தான் அந்தத் தாமதம் நின்றது.

ஒங்க உம்மா ஏதாவது சொல்வாஹளா என்று கேட்டேன்.

"சொல்வா. நேரமாச்சு, அந்தப் புள்ள போட்ட தேயிலை ஆறிப்போவும், எந்திரிச்சுப் போண்டு சொல்வா."

குடித்து முடித்து டம்ளரை அவரே கழுவி வைத்தார்.

ஜனவரி 18, ஞாயிறு

லுஹர் தொழுத சூட்டோடு கம்பத்துக்கு நானே போன் போட்டேன். சார்ஜ் இருந்தது.

ஆலிம்சா யோசித்து முடித்துவிட்டார் என்றேன். அவர் சொன்ன எல்லாவற்றையும் வாடாவை மட்டும் விட்டுவிட்டு ஒப்பித்தேன். ராவுத்தர் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தார், அசையவில்லை. ஜித்தாவைக்கூட இழுக்கவில்லை. கடைசியில், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், நிக்காஹ் ஐந்து மணிக்கு, உங்கள் ஆட்கள் தொழுவதற்கு எங்கள் மொட்டை மாடியைக் கூட்டித் தருகிறேன், களைப்பாற மாடி ரூம் இருக்கிறது என்றேன்.

"அது மாப்பிள்ளை ரூமுல்ல?" என்றார் உடனே.

விருந்தாளி ரூம் என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது, எனக்கே புதிதாக இருந்தது. பிள்ளைகள் கோயம்புத்தூரில் இருக்கட்டும், பெருநாளுக்கு உங்கள் வீட்டுக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்துபோகட்டும், யார் யாரைப் பிடித்துக் கட்டிவைக்க முடியும் என்றேன்.

சிக்னல் மறுபடி போய்விட்டது போலிருந்தது. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அஞ்சுன்னா அஞ்சு சம்பந்தியம்மா. இருபத்தஞ்சாந் தேதியே இருக்கட்டும். பெருநாள் வரைக்கும் எதுக்கு இழுத்துக்கிட்டு?"

ஆலிம்சா சொன்ன மார்க்க விளக்கம் அப்படி வேலை செய்திருக்கிறது. நல்ல ஆலிம்.

ஜனவரி 19, திங்கள்

ஃபஸீலாவுக்குத் தலைவலி போய்விட்டது. காலையில் ஆறு இட்லி.

ஜனவரி 22, வியாழன்

ஊருக்குள் புது வழக்கு. நாலு மணிக்குள் அஸர் தொழுதுவிட்டு ஐந்து வரை நாங்கள் என்ன செய்வது, வீட்டுக்குப் போனால் திரும்பி வரக் கால் எழாது என்று பெரியவர்கள் மொகுதூமைப் பிடித்துக்கொண்டார்களாம். அவர் என்னைக் கேட்டார். பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோருக்கும் இஞ்சித் தேயிலையும் இறால் வாடாவும் என்றேன். பிறகு ஒருவரும் முனகவில்லை. வாடாவுக்கு இறால் உரிக்க ஜெய்னம்பு வந்தாள். உரித்ததைவிடப் பேசியது அதிகம், ஆனாலும் கெட்டிக்காரி, கை தனியே ஓடும்.

ஜனவரி 25, ஞாயிறு

கால் வீங்கியிருக்கிறது. ஆனாலும் எழுதாமல் படுக்க முடியாது.

கம்பத்து வேன் லுஹருக்கே வந்துவிட்டது. சஹனில் பிரியாணி வைத்தோம், ஒரு தட்டைச் சுற்றி நாலு நாலு பேராக உட்கார்ந்தார்கள். கூச்சப்படுவார்கள் என்று பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு முன்னால் தட்டைக் காலி செய்தார்கள். இம்தியாஸ் என்னை மாமி என்று கூப்பிட்டுவிட்டுக் காது சிவந்து நின்றார். சாப்பிட்டதும் ஆண்கள் எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள். புது ஏஸியில் முதலில் படுத்துக் குறட்டை விட்டவர் நத்தர்ஷா ராவுத்தர். குறட்டையில் எங்களுக்குள் மத்ஹபு வேறுபாடு இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

தேயிலைப் பாத்திரத்தை நான் மாடிப்படி வரை கொண்டுபோன நேரம் எங்கள் பள்ளியில் அஸர் பாங்கு சொன்னார்கள். கதவிடுக்கில் பார்த்தேன். ராவுத்தர் சட்டென்று எழுந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, தொழுகைக்குக் கைகால் கழுவக் குழாயை நோக்கி நாலு எட்டு வைத்தார். பிறகு நின்றார். ஒட்டடைக் கம்பைப் பார்த்தார். மடித்ததை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். தூக்கக் கலக்கம், பாவம்.

எங்கள் ஆண்கள் தொழுது முடித்து முற்றத்தில் தேயிலை குடித்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் நிழல் நீண்டுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்கிற நேரத்தில், இந்த மாதம் முழுக்க எட்டிப் பார்க்காத ஒரு மேகம் வந்து சூரியன் மேல் உட்கார்ந்தது. நிழல் போயே போய்விட்டது. கம்பம் இளவட்டங்கள் செல்போனை எடுத்தார்கள். ராவுத்தர் அவர்களை முறைத்தார்.

"இம்புட்டு நாளு கம்புக்காகத்தான் பேசுனம். கம்பே சொல்லட்டும்."

பள்ளியிலிருந்து ஆலிம்சா ஆள் அனுப்பினார், நிழல் திரும்பியதா என்று. ஜெய்னம்பு தன் மாடியிலிருந்து தெருவுக்கு நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தாள்: இன்னும் வரலே, இன்னும் வரலே, ஒரு ஓரம் தெரியிது, பொறுங்கோ. முற்றத்தில் மூன்றாவது தேயிலை ஓடிக்கொண்டிருந்தது. மேகம் நகர்ந்ததும் கம்பின் நிழல், தலையிலிருந்த குஞ்சம் உட்பட, தரையில் பளிச்சென்று விழுந்தது. இரண்டு பங்கைத் தாண்டியிருந்தது. மாடியில் வரிசை கட்டி நின்று தொழுதார்கள். என் வீட்டுக் கூரைமேல் ஹனஃபி அஸர். கீழே அடுக்களைச் சுவரோரம் முசல்லாவை விரித்து நானும் தொழுதேன். எந்த மத்ஹபு நேரம் என்று யாரும் கேட்க வேண்டாம்.

நிக்காஹைப் பெண்கள் நாங்கள் வீட்டிலிருந்தே ஒலிபெருக்கியில்தான் கேட்டோம். குத்பா உரை முடிந்து மொகுதூமின் குரல் வந்தது, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்துகொடுத்தேன் என்று. நடுவில் ஓரிடத்தில் குரல் நின்றது. மைக் கோளாறு என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். ஃபஸீலா என் கையைப் பிடித்திருந்தாள். மருதாணி ஒட்டிக்கொண்டது. இப்போதும் என் உள்ளங்கையில் அவளுடைய பூவில் பாதி இருக்கிறது.

ஜனவரி 26, திங்கள்

பிள்ளைகள் காலையிலேயே கம்பம் வேனில் ஏறிவிட்டார்கள். இரண்டு நாள் அங்கே, பிறகு கோயம்புத்தூர். நான் அழவில்லை. ஜெய்னம்பு அழுதாள், அதனால் யாராவது ஒருவர் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வேன் புறப்படுவதற்கு முன் ரமீஜாவும் நானும் அடுக்களையில் வட்டிலப்பத்தை டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருந்தோம். ஃபஸீலாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது என்றேன். வாரம் ஒருமுறை தேனியிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். அவருக்கும் இம்தியாஸ் ஒரே பிள்ளையாம். உங்கள் ஊர் வழக்கத்தைக் கேள்விப்பட்டதிலிருந்து அவனுடைய அத்தாவுக்கு ராத்தூக்கமே இல்லை என்றார். என்ன வழக்கம் என்று நான் கேட்கவில்லை, டப்பா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, ஜித்தாவில் நீங்களும் கூட இருந்தீர்களா என்று கேட்டேன். எட்டு வருஷம் இருந்தாராம். வீட்டுக்குக் கீழேயே பள்ளிவாசலாம். ராவுத்தர் மட்டும் இருபத்திரண்டு வருஷம். ஒருநாள்கூட முதல் வரிசையைத் தவறவிட்டதில்லையாம், அஞ்சு வேளையும்.

அங்கே அஸர் எந்த நேரத்தில் என்று கேட்டேன்.

"அங்கயா? ஊரு பூராவும் ஒரு நெழலுக்குத்தான்" என்று சொல்லி, ரமீஜா டப்பாவை அழுத்தி மூடினார்.